தூண்களுக்கு நடுவே ஒரு துணி

ஒரு காலத்தில் ஒரு படத்துக்குள் மழை, வருகிறேன் வருகிறேன் என்று மிரட்டிக்கொண்டே இருந்தது. வந்தபாடில்லை.

குன்னூரில் ஒரு பழைய பங்களாவின் கூடத்தில், உயரத்தில் தொங்கிய எண்ணெய் ஓவியம் அது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போனது. வானம் முழுக்கக் கருமேகம். கீழே இடிந்த கோயில் ஒன்றின் தூண்கள். நடுத்தூணுக்குத் தலை இல்லை, பாதி உடம்பும் இல்லை. பேச்சு மட்டும் முழுசாக இருந்தது.

"எல்லாரும் என்னைப் பார்க்கத்தான் வருகிறார்கள். எத்தனை ராஜாக்களைப் பார்த்தவன் நான்!" என்றது தூண்.

"எனக்கு ஒன்றுதான் புரியவில்லை," என்றது மேகம். "இவ்வளவு காலமாக உறுமுகிறேன். ஒருவர்கூடப் பயப்படவில்லையே, ஏன்? ஆகா, என்ன அழகு என்கிறார்கள். பிஸ்கட் சாப்பிடுகிறார்கள்."

நடுத்தூணிலிருந்து பக்கத்துத் தூணுக்கு ஒரு கயிறு. அதில் நகத்தளவு வெள்ளைத் துணி ஒன்று.

"நான் காய்ந்துவிட்டேனே! என்னைப் போட்டவள் எங்கே போனாள்? மழைக்கு முன்னால் வருவாளா?" என்று கேட்டது அது.

"தேசங்கள் அழிந்த கதை பேசுகிற இடத்தில் துணி காய்ந்த கதையா? உன்னை யார் பார்த்தார்கள்?" என்றது தூண்.

ஒருநாள் வீட்டுக்காரர் ஞானராஜ், பழைய படங்களைச் செப்பனிடும் செல்வரங்கத்தை அழைத்து வந்தார். படம் முதல்முறையாகச் சுவரிலிருந்து மேஜைக்கு இறங்கியது.

"இந்த வெள்ளைக் கறையை எடுத்துடுங்க. தூணையே கெடுக்குது," என்றார் ஞானராஜ்.

"ஒரு தீற்று போதும் சார். மேகக் கலர்லயே மூடிடலாம்."

தூரிகை கருஞ்சாம்பலில் தோய்ந்தது. துணிக்கு நடுங்கக்கூட வழியில்லை. காற்றும் வரைந்த காற்றுதானே.

"விட்டது சனியன்," என்றது தூண்.

வெளியே நிஜமாகவே தூறல் போட்டது. ஞானராஜின் மனைவி வயலட், கொடியில் கிடந்ததையெல்லாம் வாரி அணைத்துக்கொண்டு ஓடி வந்தாள். மேஜையைத் தாண்டும்போது நின்றாள்.

"ஐயையோ, அதை விட்டுட்டாளே!"

"எதை?"

"துணியைத்தாங்க! மழை இப்படிக் கட்டிக்கிட்டு நிக்குது, எடுக்காம எங்க போய்த் தொலைஞ்சா?"

"வயலட், அது கறை."

"கறைக்கு ஏதுங்க கயிறு? இத்தனை வருஷமா நம்ம வீட்டுத் துணி எப்படி உள்ள வருதுன்னு நினைச்சீங்க? அதுவா நடந்தா வருது?"

செல்வரங்கம் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்து பார்த்தார்.

"கயிறு இருக்கு சார்," என்றார். தூரிகையைத் துடைத்து வைத்தார்.

மேகத்துக்குத் தலைகால் புரியவில்லை. "பயந்துவிட்டாள்! ஒருத்தியாவது என்னை மழை என்று நம்பினாள்!"

தூணுக்குத்தான் பொறுக்கவில்லை. "நான் இடிந்தே கிடக்கிறேன். எனக்கு ஒரு 'ஐயோ' கிடைத்ததில்லை. உனக்கு மட்டும் எப்படி?"

துணி சற்று யோசித்தது.

"நீங்கள் இடிந்து முடித்துவிட்டீர்கள், ஐயா. நான் இன்னும் நனையவில்லை."