ஏரிக் கெளுத்தியின் முள்

ஏரிக்கரை மடத்துச் சீடர்களில் மங்களவல்லிதான் வயதில் மூத்தவள். குருவைவிடவும் மூத்தவள். அதிகம் பேசமாட்டாள். அன்று காலை மட்டும் குரு பல் துலக்கி முடிக்கும்வரைகூட அவளால் பொறுக்க முடியவில்லை.

"சாமி, மூத்தவன் வந்திருக்கான்."

"நல்லதுதானே அம்மா."

"நல்லதில்ல சாமி. எனக்குப் பயமா இருக்கு."

பஞ்சம் வந்த வருடம் இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு போட அவளுக்கு வழியில்லை. சின்னவனைத் தன்னோடு வைத்துக்கொண்டு, மூத்தவன் செங்கோடனைத் தூரத்து ஊரில் ஒரு கல்குவாரிக்காரர் வீட்டில் விட்டாள். இப்போது அவன் தாடியும் மீசையுமாகத் திரும்பி வந்திருக்கிறான்.

"சுவத்துல முதுகைக் குடுத்துக்கிட்டுதான் சாப்பிடறான். தலையைத் தடவப் போனேன், கையைப் பிடிச்சு முறுக்கிட்டான். நேத்து உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுப் படுத்தேன் சாமி, பெத்த பிள்ளைக்குப் பயந்து."

சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அவன் என்ன சொல்றான்?"

"சாயங்காலப் படகுல கிளம்பறேங்கறான். இருன்னு சொல்லட்டுமா, போகட்டும்னு விட்டுடட்டுமா? சின்னவனைப் பாருங்க, எவ்வளவு சாது. ரெண்டும் ஒரே வயித்துல பிறந்ததுன்னா யாராவது நம்புவாங்களா?"

குரு வாயைக் கொப்பளித்துவிட்டு நடந்தார். கரையில் மீன் பிரித்துக்கொண்டிருந்த வலைக்காரரிடம் போய் இரண்டு கெளுத்தி கேட்டார். பக்கத்துக் குட்டையில் பிடித்தது ஒன்று, ஏரியில் பிடித்தது ஒன்று. மடத்துச் சாமி மீன் கேட்கிறாரே என்று வலைக்காரர் விழித்தார். அன்றைக்கு ஊர் முழுக்கச் சொல்ல அவருக்கு ஒரு செய்தி கிடைத்துவிட்டது. இரண்டு மீன்களையும் தனித்தனிச் சட்டியில் போட்டுக் கொடுத்தார்.

"தூக்குங்க அம்மா."

குட்டை மீனைச் சுலபமாகத் தூக்கிக் காட்டினாள். ஏரி மீனைத் தொட்டதும் "ஐயோ" என்று கையை உதறினாள். உள்ளங்கையில் ரத்தம்.

"இது வேற மீன் சாமி!"

"ஒண்ணுதான். வெள்ளம் வந்தப்ப கொஞ்சம் குஞ்சு குட்டையில ஒதுங்கிருச்சு. மிச்சம் ஏரியிலயே தங்கிருச்சு. குட்டையில ஒதுங்கினதோட வம்சம் அது, ஏரியில தங்கினதோட வம்சம் இது."

அவள் நம்பாமல் குனிந்து பார்த்தாள். மீசையில் வித்தியாசமில்லை, வாலிலும் இல்லை. முதுகு முள் மட்டும் குட்டை மீனுக்கு நகத்தளவு. ஏரி மீனுக்கு விரல் நீளம், ஓரமெல்லாம் ரம்பப் பல்.

"குட்டையில இதை முழுங்க யாரும் வரல. ஏரியில விரால் இருக்கு, வாளை இருக்கு. முள்ளு இல்லாததெல்லாம் அதுங்க வயித்துக்குள்ள போயிருச்சு."

மங்களவல்லி கையை முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

"ஏரி மீனைக் குட்டையில கொண்டாந்து விட்டா முள்ளு குறைஞ்சிடுமா சாமி?"

"குறையாது. எலும்பாவே வளர்ந்துருச்சு."

அவள் முகம் வாடிவிட்டது. ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்றுதான் ஓடி வந்திருந்தாள்.

"அப்ப அவனை நான் எப்படிக் கூட வெச்சுக்கறது? தொட்டாலே குத்துவானே."

குரு சட்டிகளை வலைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார்.

"முள்ளைப் பார்த்துப் பயந்தீங்க, சரி. நீங்க விட்ட இடத்துல அவனை முழுங்க வந்தது யாருன்னு இன்னும் ஒரு வார்த்தை கேக்கலையே அம்மா."