தாணுலிங்கம் விரித்த பாய்

தாணுலிங்கம் துறவு பூண்டு பன்னிரண்டு வருடம். வீடு, வாசல், உத்தியோகம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மடத்துக்கு வந்த மனிதர், கோபத்தை மட்டும் பத்திரமாக மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அது அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்?

அன்று காலை அந்தக் கோபம் ஒரு பத்து மாதக் குழந்தையிடம் தொடங்கியது. சமையற்கட்டில் வேலை செய்யும் பேச்சியின் மகள். அடுப்புப் பக்கம் பிள்ளை வேண்டாம் என்று தியானக் கூடத்தின் ஓரத்தில் கிடத்தியிருந்தார்கள். மூன்று நாளாக ஒரே அழுகை. யாராலும் கண்ணை மூடி உட்கார முடியவில்லை. தாணுலிங்கம் போய் டயப்பரை விலக்கிப் பார்த்தார். தொடையிடுக்கெல்லாம் வெந்த மாதிரி சிவந்து, தோல் உரிந்திருந்தது.

அவ்வளவுதான். சமையற்கட்டு வாசலில் நின்று பேச்சியை வாய்க்கு வந்தபடி ஏசினார். பெற்ற பிள்ளையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவள் கையால் இனி இங்கே யாரும் சாப்பிட வேண்டாம், பொழுது சாய்வதற்குள் பெட்டியைக் கட்டு என்றார். பேச்சிக்கு வேறு போக்கிடம் கிடையாது.

சொன்ன கையோடு குருவிடம் போனார். உமையாள் அம்மையார் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிட்டு, தாணுலிங்கம் கேட்டார்:

"இந்த மாதிரி ஆட்களைப் பார்த்தா எனக்குப் பொறுக்க மாட்டேங்குது. இந்தக் கோபத்தை எப்படிம்மா விடுறது?"

அம்மையார் கீரையைக் கீழே வைத்தார். பேச்சியைப் பிள்ளையோடு வரச் சொன்னார். புண்ணைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்தது.

"எத்தனை நேரத்துக்கு ஒரு தரம் மாத்துறே?"

பேச்சி அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவள்.

"எங்கம்மா மாத்த? விடியக்காலம் மாட்டுனா சோறு வடிச்சு இறக்குற வரைக்கும் அதுலயே ஊறிக் கிடக்கு. அவுத்து விடுதேன்னு எத்தனை மட்டம் கேட்டேன். பாய் நனைஞ்சிரும், டயப்பர் இல்லாம பிள்ளை கூடத்துக்குள்ள வரக்கூடாதுன்னு இவியதான சட்டம் போட்டாவ."

சட்டம் தாணுலிங்கத்துடையதுதான். கூடத்தில் விரித்திருந்த பத்தமடைப் பாயும் அவரே தேடிப் போய் வாங்கி வந்தது. அதை யாராவது ஈரக் காலோடு மிதித்தால்கூட அவருக்கு வயிறு எரியும்.

அம்மையார் டயப்பரைக் கழற்றி எறிந்தார். புண்ணை வெறும் தண்ணீரில் கழுவினார். பழைய வேட்டித் துணியால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, துளித் தேங்காய் எண்ணெய் தடவினார். பிறகு பிள்ளையை அப்படியே அம்மணமாகத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் போய், பாயின் நட்டநடுவே, தாணுலிங்கம் தியானத்துக்கு உட்காரும் இடத்தில் காற்றாடக் கிடத்தினார்.

"பேச்சி, நீ போய் உலையைப் பாரு. பிள்ளையை இவர் பார்த்துக்குவார்."

குழந்தை இரண்டு தரம் விம்மியது. பிறகு காலை உதைத்துப் பார்த்தது. மூன்று நாளில் முதல் தடவையாகக் கூடத்தில் சத்தம் இல்லை. அதற்கப்புறம், தாணுலிங்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தாராளமாக மூத்திரம் பெய்தது. பாய் முழுக்க ஓடியது.

"அம்மா, பாய்..." என்றார் அவர். குரலில் அதே கோபம்.

வாசல்வரை போய்விட்ட அம்மையார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாய் அழுதா வந்து சொல்லுங்க."