நெய்யுருண்டை தின்ன பவளி

எல்லாரும் பாயில வந்து உக்காந்தாச்சா? சுவத்துப் பக்கம் சாயாதீங்க, தூக்கம் வந்துரும். நான் சொல்லச் சொல்ல ‘ம்’ கொட்டணும். கொட்டலேன்னா நிறுத்திருவேன்.

முன்ன ஒரு காலத்துல, மலையடிவாரத்து ஊரு ஒண்ணுல, சடைச்சின்னு ஒரு பொம்பளை இருந்தா. புருசனும் இல்ல, புள்ளகுட்டியும் இல்ல. தினைக்காட்டுக்குக் காவல் இருந்து, கூலியாக் குடுக்கிற தினையைக் கஞ்சி காய்ச்சிக் குடிச்சுக்கிட்டு இருந்தா. ஒருநாள் அடிச்ச காத்துல பட்ட மரம் ஒண்ணு சாஞ்சுபோச்சு. அதோட பொந்துல ஒரு கிளிக்குஞ்சு கிடந்துச்சு. றெக்கையும் முளைக்கல, கண்ணும் தெறக்கல. சடைச்சி அதை எடுத்துட்டு வந்து, தினையை மாவா அரைச்சு, தண்ணியில குழைச்சு, விரல் நுனியில தொட்டுத் தொட்டு ஊட்டினா. அப்புறம் அது கண்ணு தெறந்துச்சு, றெக்கை முளைச்சுச்சு, மூக்கு பவளம் மாதிரி செவந்துச்சு. பவளின்னு பேரு வச்சா.

பவளி என்ன திங்கும்? தினைக்கதிர் திங்கும், கொய்யாக்காய் கொறிக்கும், கோவைப்பழம் கொத்தும். இடையில ஒரு பழுத்த மொளகாய் குடுத்தா காலால புடிச்சுக்கிட்டு ரசிச்சுத் திங்கும். கிளிக்கு உறைக்காதுடா, உனக்குத்தான் உறைக்கும்! தின்னுட்டு வாசல்ல யாரு போனாலும், “யாரு வந்தது? தண்ணி குடிக்கிறியா?”ன்னு கேக்கும்.

அந்த நாட்டு ராசா பேரு உக்கிரசேனன். அவரு ஒருநாள் வேட்டைக்கு வந்தாரு. தண்ணி தவிச்சு அந்தப் பக்கம் வர்றாரு, கிளி கேக்குது, “யாரு வந்தது? தண்ணி குடிக்கிறியா?” ராசாவுக்கு ஒரே சந்தோசம். “இந்தக் கிளி அரமனைக்கு வரட்டும்”னாரு. சடைச்சி கால்ல விழுந்தா. “மகாராசா, என் கையில தவிர அது எங்கயும் திங்காது”ன்னா. “அப்ப நீயும் வா. நீதான் அதுக்குக் காவல்”னுட்டாரு. ராசா சொன்னா மறுத்துப் பேச முடியுமா? போனா.

அரமனையில தங்கக் கூண்டு. வெள்ளிக் கிண்ணம். போன மொத நாளே வாசல் தெளிக்கிற அன்னக்கொடிங்கிற கிழவி சடைச்சியை ஒதுக்குப்புறமாக் கூப்பிட்டா.

“தாயி, நீயா புதுக் காவல்?”

“ஆமா.”

“உனக்கு முன்ன வேற ஒரு கிளிக்குக் காத்தான்னு ஒருத்தன் காவல் இருந்தான். கிளி செத்துச்சு. அவனைப் பாழுங்கிணத்துல இறக்கிட்டாங்க. அப்புறம் இன்னொரு கிளிக்குப் பூவாயின்னு ஒருத்தி வந்தா. கிளி செத்துச்சு. அவளையும் இறக்கிட்டாங்க. அந்தக் கிணத்துல தண்ணி கிடையாது தாயி. படியும் கிடையாது. இறங்கினவங்க மூணு நாளைக்குக் கூப்பிடுவாங்க. அதுக்கப்புறம் கூப்பிட மாட்டாங்க.”

சடைச்சி ஓடிப்போய்க் கூண்டுக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டா. ஏன் ‘ம்’ கொட்டல? பயமா இருக்கா? கிட்ட வந்து உக்காரு.

அங்க மடப்பள்ளித் தலைவன் ஒருத்தன், சங்குமுத்துன்னு பேரு. ராசா சாப்பிட உக்காந்தா பவளியைத் தோள்ல வச்சுக்கிட்டுத்தான் சாப்பிடுவாரு. நெய்ச்சோறு, பால்கோவா, முந்திரி போட்ட நெய்யுருண்டைன்னு அவரு இலையில என்ன இருக்கோ அதைக் கிள்ளிக் கிள்ளி ஊட்டுவாரு. கிளி மொதல்ல தலையைத் திருப்பிக்கிச்சு. ரெண்டாம் நாளு நக்கிப் பாத்துச்சு. மூணாம் நாளு கேட்டு வாங்கித் தின்னுச்சு. சங்குமுத்து சும்மா இருந்தானா? யாருக்கும் தெரியாம நெய்யுருண்டையைக் காட்டிக் காட்டி ஒரு பேச்சுப் பழக்கினான். ஒருநாள் சபையில கிளி கத்துச்சு: “சங்குமுத்து சமையல் அமிர்தம்!” ராசா கைகொட்டிச் சிரிச்சு மோதிரத்தைக் கழட்டிக் குடுத்தாரு. அன்னையிலிருந்து பவளிக்குக் காலையில நெய்யுருண்டை, மத்தியானம் நெய்யுருண்டை, சாயங்காலம் நெய்யுருண்டை. சடைச்சி வைக்கிற தினைக்கதிரை மூக்கால தள்ளிவிட்டுருச்சு.

ஒரு மாசம் போச்சு. கழுத்துல இருந்த பச்சை இறகு கொட்ட ஆரம்பிச்சுச்சு. சடைச்சி சங்குமுத்துகிட்ட ஓடினா. “ஐயா, காட்டுப் பட்சிக்கு நெய் ஆகாது. நிறுத்துங்க”ன்னா. அவன் சிரிச்சான். “ராசா வீட்டுக் கிளி ராசா சோறு திங்குது. உனக்கு என்ன நோவுது? கிணறு எங்க இருக்குன்னு தெரியுமில்ல?”ன்னான். ராசாகிட்டயே சொல்லிருவோம்னு போனா. வாசப்படி வரைக்கும் போனா. வாயைத் தெறந்தா. பயத்துல மூடிக்கிட்டுத் திரும்பி வந்துட்டா.

இன்னொரு மாசம் போச்சு. பவளி மூக்கு நீளமா வளந்து கொக்கி மாதிரி வளைஞ்சுபோச்சு. கதிரைக் குடுத்தாலும் கடிக்க முடியல. சடைச்சி மறுபடி போனா. ராசா படி ஏறி வர்றாரு. மூணு படி ஏறுறதுக்குள்ள அவருக்கு மூச்சு வாங்குது. “என்ன?”ன்னு கேட்டாரு. “ஒண்ணுமில்ல மகாராசா”ன்னுட்டா. பாவி மக, ஒண்ணுமில்லன்னுட்டா.

மூணாவது மாசம் பவளி கூண்டுக் கம்பியில உக்கார மாட்டாம அடியில வந்து உக்காந்துக்கிச்சு. இறகை உப்பிக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, ஒவ்வொரு மூச்சுக்கும் வாலு மேலயும் கீழயும் ஆடுது. பேச்சு நின்னுபோச்சு. சடைச்சி இந்தத் தடவை ஓடினா. பயத்தை விழுங்கிக்கிட்டுச் சொல்லிட்டா:

“மகாராசா, நெய்யுருண்டைதான் அதைக் கொல்லுது. என்கூடக் காட்டுக்கு அனுப்புங்க. தினையும் கீரையும் குடுத்துப் பாக்குறேன்.”

ராசாவுக்கு மொகம் செவந்துபோச்சு. “என் கையால நான் ஊட்டினதா கொல்லுது? ஏ பொம்பளை, கிளி செத்துச்சுன்னா அன்னைக்கே உனக்குக் கிணறு. போ!”

அப்புறம் அவ தூங்குவாளா? கூண்டுப் பக்கத்துலயே கிடந்தா. மூச்சு இருக்கா, மூச்சு இருக்கான்னு பாத்துக்கிட்டே இருந்தா. அவளுக்குத் தன் உசிருக்கும் பயம், பவளி உசிருக்கும் பயம். எது பெரிசுன்னு அவளுக்கே தெரியல. நாலாம் நாளு உச்சிவெயில் நேரத்துல பவளி கண்ணைத் தெறந்து அவளைப் பாத்துச்சு. எடுத்து உள்ளங்கையில வச்சுக்கிட்டா. மொத மொத எடுத்தப்ப இருந்த சூடு இருந்துச்சு. அப்புறம் ஒருதரம் காலை உதறிச்சு. அப்புறம் அந்தச் சூடும் ஆறிப்போச்சு.

அழக்கூட நேரமில்ல. சேவகங்க வந்து சபைக்கு இழுத்துட்டுப் போயிட்டாங்க. ராசா கிளியைப் பாத்தாரு. தலையில தலையில அடிச்சுக்கிட்டாரு. சங்குமுத்து முன்னால வந்து, “மகாராசா, இவ வெசம் வச்சுட்டா. காட்டுக்குப் போகணும்னு கேட்டாள்ல? நடக்காதுன்னதும் வெசம் வச்சுட்டா”ன்னான்.

“இறக்குங்கடா கிணத்துல!”ன்னாரு ராசா.

ரெண்டு பேரு கையைப் புடிச்சாங்க. சபையில அத்தனை பேரு இருக்காங்க, ஒரு வாயும் தெறக்கல. சடைச்சிக்கு அப்பத்தான் ஒண்ணு தோணுச்சு. சொன்னாலும் கிணறு, சொல்லாட்டியும் கிணறு. இனி எதுக்கு நாக்கை மடக்கி வச்சிருக்கணும்?

“மகாராசா, கிணத்துக்கு நானே நடந்து வர்றேன். அதுக்கு முன்ன என் பவளி எதால செத்துச்சுன்னு எல்லாரும் பாக்கணும். ஒரு கத்தி குடுங்க.”

“என் கிளியை அறுக்கப் போறியா?”

“என் கிளியும்தான் மகாராசா.”

கத்தி வந்துச்சு. அவ வளத்த பட்சி, அவ விரலைச் சப்பின பட்சி. கண்ணுல தண்ணி வழிய வழிய அதோட வயித்தைக் கீறினா. உள்ள பாத்தா ஈரலு ரெண்டு மடங்கு வீங்கி, மஞ்சக்கிழங்கு மாதிரி வெளுத்த மஞ்சளா இருக்கு. சுத்திலும் கட்டி கட்டியாக் கொழுப்பு. “இப்ப மடப்பள்ளியிலேருந்து ஒரு காடையைக் கொண்டாங்க. காட்டுல புல்லரிசி பொறுக்கித் தின்ன காடை”ன்னா. கொண்டாந்தாங்க. அதோட ஈரலை எடுத்துப் பக்கத்துல வச்சா. சின்னதா, நாவப்பழம் மாதிரி கருஞ்செவப்பா இருக்கு.

“பாத்தீங்களா! மஞ்சளாப் போனதே வெசத்தாலதான்!”ன்னு சங்குமுத்து கத்தினான்.

சடைச்சி ராசாவை நிமுந்து பாத்தா. அதுவரைக்கும் யாரும் அவரு மொகத்தை நேராப் பாத்ததில்ல.

“வெசம்னே வச்சுக்குவோம் சாமி. பவளி உங்க இலையிலேருந்துதானே தின்னுச்சு? அதே இலையில நீங்களும் தின்னீங்க. உங்க கண்ணைப் பாருங்க. அதே மஞ்சள்.”

ராசா கைய ஓங்கினாரு. ஓங்கின கை அப்படியே நின்னுச்சு. ஏன்னா அவருக்குத் தெரியும். ராத்திரியெல்லாம் ஒடம்பு அரிக்குது, வயிறு கனக்குது, படி ஏற முடியல. வெளியில சொல்லப் பயந்து வச்சிருந்தாரு. “கண்ணாடி கொண்டா”ன்னாரு. பாத்தாரு. கண்ணாடி கையிலேருந்து நழுவி விழுந்துச்சு. ஊரெல்லாம் யாரைப் பாத்து நடுங்குச்சோ, அந்த ராசா நடுங்கினாரு.

சங்குமுத்து பக்கம் திரும்பி, “உன் உருண்டை என்னது?”ன்னு கேட்டாரு.

“அமிர்தம் மகாராசா.”

“கிளிக்கு எவ்வளவு குடுத்தே?”

சடைச்சி சொன்னா, “ஒரு நாளைக்கு அதோட எடையில கால்வாசி சாமி.”

“அப்ப உன் எடையில கால்வாசி நீ தின்னு. வேற எதுவும் கிடையாது. அமிர்தம்தானே? தின்னு.”

மொத நாளு சங்குமுத்து சிரிச்சுக்கிட்டே தின்ன ஆரம்பிச்சான். பாதியிலயே சிரிப்பு நின்னுபோச்சு. ரெண்டாம் நாளு வாந்தி எடுத்தான். வாயைத் தொடைச்சுவிட்டு மறுபடி வச்சாங்க. மூணாம் நாளு வயிறு பானையாட்டம் உப்பி, எழுந்திரிக்க முடியாமத் தரையில உருண்டுக்கிட்டு, “சொல்லிடுறேன், சொல்லிடுறேன்!”னு அலறினான். “மொதக் கிளி செத்தப்பவே எனக்குத் தெரியும். ரெண்டாவது கிளியில நல்லாவே தெரியும். கிளி என்னைப் புகழணும்னு ஊட்டினேன். நெய் ஆகாதுன்னு காத்தானும் சொன்னான், பூவாயியும் சொன்னா. நான்தான் அவங்க மேல பழியைப் போட்டேன்.”

ராசா அவனை ஒரு கட்டை வண்டியில ஏத்தி எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிட்டு வரச் சொன்னாரு. நடக்க முடியாத ஒடம்பு, நெய் வாடை பட்டாலே குமட்டுற வயிறு. சமையக்காரன் சமையல் கிட்டப் போக முடியாம, வாழ்ந்த நாள் வரைக்கும் அடுத்த வீட்டுக் கூழுக்குக் கையேந்தி நின்னான்.

ராசாவுக்கு மட்டும் தண்டனை இல்லையா? இருக்கு, கேளு. வீங்கின ஈரலு முழுசாப் பழையபடி ஆகாது. அவரு அதுக்கப்புறம் தினைக்கஞ்சியும் கீரையும் தவிர எதையும் வாயில வைக்க முடியல. நிறைஞ்ச இலைக்கு முன்ன உக்காந்து கஞ்சி குடிச்சாரு. அதைவிடப் பெரிசு ஒண்ணு இருக்கு. ரெண்டு உசிரைக் கிணத்துல இறக்கினது தன்னோட வாய்தான்னு தெரிஞ்சுபோச்சே, அதை எந்தக் கீரை ஆத்தும்?

“என்ன வேணும் கேளு”ன்னாரு சடைச்சிகிட்ட.

“கிணத்துல இறங்கணும்”னா அவ.

கயிறு கட்டி அவளே இறங்கினா. பட்டப்பகல்லயும் உள்ள இருட்டு. “காத்தான்! பூவாயி!”ன்னு ஒருதரம் கூப்பிட்டா. பதில் வராதுன்னு தெரியும், ஆனாலும் கூப்பிட்டா. எலும்பையெல்லாம் முந்தானையில அள்ளிக்கிட்டு மேல வந்து, ரெண்டு வீட்டு ஆளுகளையும் வரச்சொல்லி, முறையா அடக்கம் பண்ண வச்சா. கிணத்தை மண்ணு போட்டுத் தூத்தாங்க. ராசாவும் ஒரு கூடை மண்ணு சுமந்து போட்டாரு. மூச்சு வாங்க வாங்கப் போட்டாரு.

“வேற ஒரு கிளி புடிச்சுத் தரட்டுமா?”ன்னு கேட்டாரு.

“வேண்டாம் சாமி”ன்னா சடைச்சி. “என் பவளியைச் சங்குமுத்து மட்டும் கொல்லல. அதுக்கு ஆகாததைத் திங்குறதைப் பாத்துக்கிட்டே ரெண்டு தடவை நான் வாயை மூடிக்கிட்டு வந்தேன். மொத தடவையே சொல்லியிருந்தா, ஒருவேளை இருந்திருக்கும்.”

அப்படின்னுட்டு, பவளியை ஒரு வாழை இலையில சுத்திக்கிட்டு, மலையைப் பாக்க நடந்து போயிட்டா.

அதனால கண்ணுகளா, ஆசையா இருக்குன்னு நம்ம வாயிக்கு ருசிக்கிறதைப் பட்சிக்கு ஊட்டாதீங்க. அதுக்கு எது ஆகாரமோ அதைக் குடுங்க. ஒண்ணு வாடுறது கண்ணுல பட்டா, பயந்துக்கிட்டு நிக்காம அன்னைக்கே சொல்லுங்க.

ராசா கஞ்சி குடிச்சாரு, சடைச்சி வீடு சேந்தா, கதையும் அவ பின்னாலயே போயிருச்சு. விளக்கை அமத்துறேன், படுங்க.