மூடிய இலை

ரைஸ் மில் முதலாளி சென்னியப்பன் ஒரு குரல் கொடுத்தால் மில்லே ஓடிவரும். பெருந்துறை ரோட்டு மெஸ் ஒன்றில் மட்டும் அவருக்கு ரசம் வரவில்லை. ரசத்துக்கு ஒதுக்கி வைத்த சோறு காய்ந்துபோயிற்று. மேசையைத் தட்டினார், பரிமாறுகிறவரைத் திட்டினார். "வருதுங்க" என்று போனவர் போனவர்தான்.

கோபம் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவர் குப்புராஜ் மேல் திரும்பியது. "நீதான இந்தக் கடைக்குக் கூட்டியாந்த? இப்பவே எனக்கு ரசம் வரோணும். வரலைன்னா நாளைக்கு வண்டிச் சாவியத் தொடாத."

குப்புராஜ் பாதிச் சோறு இருக்கும்போதே தன் இலையை மூடினான்.

எங்கிருந்துதான் வந்தாரோ, பரிமாறுகிறவர் பில்லோடு நின்றார். மேசை துடைக்கிறவர் துணியோடு வந்தார். இடத்துக்குக் காத்திருந்த நாலைந்து பேர் அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள்.

குப்புராஜ் இலையை மெல்லத் திறந்தான். "நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கலீங்க. மொதலாளிக்கு ரசம் வந்தாத்தான் நாங்க எந்திரிப்போம்."

"அட, அவுங்களுக்கு ரசத்த ஊத்துங்கப்பா" என்று பின்னால் நின்றவர்கள் சத்தம் போட, கடைக்காரரே கல்லாவை விட்டு எழுந்து ரச வாளியைத் தூக்கிவந்தார். "சோத்த வெச்சுக்கிட்டு எதுக்குப்பா இலைய மூடுன?" என்றார் எரிச்சலோடு.

"தொறந்த இலை உங்க ஆளுங்க கண்ணுக்குத் தெரியலீங்க."

சென்னியப்பன் ரசத்தை உறிஞ்சினார். முகம் தெளிந்தது. "காலையில நேரத்துக்கு வண்டிய எடுத்துட்டு வந்துரு" என்றார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். மோரைக் காணோம்.

சத்தமில்லாமல் தன் இலையை மூடினார்.