சிவந்த இமை

கருமலை அடிவாரத்து மடத்துக்கு வந்து சேர்ந்தபோது இருளப்பருக்குத் தலை நரைத்துவிட்டது. மடத்தின் குரு செங்கமலத்தம்மாள் அவரைவிட வயதில் இளையவர். இருளப்பரை 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார். சீடராகச் சேர்ந்தவருக்கு மந்திரம் எதுவும் சொல்லித் தரவில்லை. மடத்துச் செம்மறிகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

அந்த ஆடுகளை இரவில் ஊரார் வயல்களில் எருவுக்காகக் கிடை போட்டால் கூலியாக நெல் வரும். அதில்தான் மடத்து அடுப்பு எரிந்தது.

அந்த வருஷம் ஐப்பசி மழை விட்டதும் ஆடுகள் விழத் தொடங்கின. தாடைக்குக் கீழே நீர் கோத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே கால் மடங்கின. வயிற்றுப் புழு. வழக்கம்போல மந்தை முழுவதற்கும் மருந்து புகட்டினார் இருளப்பர். முன்பெல்லாம் கேட்ட மருந்து இந்த முறை கேட்கவில்லை.

ஒரு காலையில் செத்த குட்டியைப் புதைத்துவிட்டு, மண் ஒட்டிய கையோடு குருவிடம் வந்து நின்றார்.

"அம்மா, புழுவே இல்லாத மந்தை வேணும். என்ன வழி?"

செங்கமலத்தம்மாள் எழுந்து பட்டிக்கு நடந்தார். ஓர் ஆட்டைப் பிடித்து, கீழிமையை விரலால் இழுத்துக் காட்டினார். புழு ரத்தத்தை உறிஞ்சியதில் உள்ளே சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"கால்நடை டாக்டர் புதுசாக் குடுத்த மருந்தை இதுக்குக் குடுங்க."

அடுத்ததன் இமை செக்கச்செவேலென்று இருந்தது.

"இதுக்கு வேண்டாம்."

"ஒரே புல்லைத்தானே எல்லாம் மேயுது? இது வயித்துலயும் புழு இருக்குமே!"

"இருக்கும். ஆனா இது தாங்குது."

அடுத்து நின்றது ராசா. இருளப்பர் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த கிடா. முறுக்கிய கொம்பும் அகன்ற மார்புமாக, பார்ப்பவர் கண் படும். அதன் இமையும் வெளுத்திருந்தது.

"போன மழைக்கும் விழுந்தானா?"

"விழுந்தான். மருந்து குடுத்துத் தூக்கி நிறுத்தினேன்."

"அதுக்கு முந்தின மழைக்கு?"

"அப்பவும்தான்."

மூலையில் காது கிழிந்த சின்னக் கிடா ஒன்று வேலித்தழையைக் கடித்துக்கொண்டிருந்தது.

"அவன்?"

"எந்த மழைக்கும் படுத்ததில்லை. ஆனா லட்சணம் பத்தாது, அம்மா."

"இந்த வருஷம் பெட்டைகளோட சேர அவன்தான் பொலிகிடா."

இருளப்பர் ராசாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். "அப்போ ராசா கறிக்கடைக்கா?"

"யார் சொன்னா? மருந்து குடுங்க, தீவனம் குடுங்க, மடியில போட்டுக் கொஞ்சுங்க. அவன்கிட்டக் குட்டி மட்டும் கேக்காதீங்க."

ராசாவைத் தனியே கட்டியபோது அது விடாமல் கத்தியது. ஆனாலும் இருளப்பர் அவிழ்க்கவில்லை.

மறு வருஷ மழை வந்தது. சின்னக் கிடாவுக்குப் பிறந்த குட்டிகளை விடிந்ததும் ஒவ்வொன்றாகப் பிடித்து இமை பார்த்தார். சில வெளுத்தன, மருந்து கொடுத்தார். ஒன்றைப் புதைக்கவும் வேண்டியிருந்தது. மற்றவை சேற்றில் துள்ளிக்கொண்டு திரிந்தன.

கால்நடை டாக்டர் வந்து புழுக்கையைச் சோதித்துவிட்டுப் போனதும், இருளப்பர் வாடிய முகத்தோடு குருவிடம் போனார்.

"அம்மா, துள்ளுற குட்டிகளுக்கும் புழு இருக்காம். கொஞ்சம்தானாம். ஆனா இருக்காம்."

"இருக்கட்டுமே, அண்ணாச்சி" என்றார் செங்கமலத்தம்மாள். "இத்தனை நாள் புழு வீட்டுக்காரன். இப்போ விருந்தாளி."