வாலை நிறுத்த மறந்த குருவி

அந்தக் காலத்தில், எருமையும் குருவியும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, மேல்மலையில் காத்தாயி என்று ஒருத்தி இருந்தாள். ஓரிடத்தில் உட்காரமாட்டாள். பாதிக் கஞ்சியில் எழுந்து வாசலுக்குப் போவாள். எதற்கு வந்தோம் என்று யோசித்துவிட்டுத் திரும்புவாள். அந்த மார்கழியில் அவளுக்குக் காரணமும் இருந்தது. அவளுடைய ஒரே எருமை கருப்பி கன்று போட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

மேல்மலைப் பனி தண்ணீரையே கல்லாக்கிவிடும். காலையில் கல்தொட்டி கெட்டியாகக் கிடந்தது. கருப்பி நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"நாக்கு ஒட்டிக்கிது ஆத்தா. எப்படிக் குடிக்கிறது?"

கருப்பி விடிகாலையில்தான் வயிறு முட்டக் குடிக்கும். மற்ற நேரத்தில் தலையில் ஊற்றினாலும் குடிக்காது. அது எருமைப் பிடிவாதம். குடிக்காத எருமைக்குப் பால் எங்கிருந்து ஊறும்? போன வருடக் கன்று வற்றிய மடியை முட்டி முட்டித்தான் செத்தது. அது நினைவுக்கு வந்ததும் காத்தாயி அடுப்படிக்கு ஓடினாள். அந்தப் பதற்றத்தில், உலையில் கொதித்த வெந்நீரை அப்படியே தூக்கிவந்து தொட்டியில் கொட்டினாள். உறைந்து கிடந்த கல் அந்தச் சூட்டைத் தாங்குமா? இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பிளந்துவிட்டது. வெந்நீரும் போச்சு, தொட்டியும் போச்சு.

மரத்தைக் குடைந்த பழைய தொட்டி ஒன்றை இழுத்துப் போட்டு, பள்ளத்து ஓடையிலிருந்து பானை பானையாகச் சுமந்து நிரப்பினாள். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். அத்தனை பனியிலும் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. அசைகிற தண்ணீரைப் பனி பிடிப்பதில்லை.

உடனே தொட்டியில் ஒரு மரக்கட்டையை மிதக்கவிட்டாள். காற்று கட்டையை ஆட்டியது, கட்டை தண்ணீரை ஆட்டியது. ஆனால் விடியும் முன் காற்று அடங்கிவிட்டது. காலையில் பார்த்தால் கட்டையையும் சேர்த்துப் பிடித்து வைத்திருந்தது பனி. கன்றுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது.

தொட்டி விளிம்பில் ஒரு குருவி நின்றது. வடக்கேயிருந்து வந்தது, உடம்புக்குப் பொருந்தாத நீள வால். அந்த வாலை ஆடாமல் அசங்காமல் வைத்துக்கொண்டு பொம்மை மாதிரி நிற்பதில் அதற்கு ஒரே பெருமை.

"அந்தக் கட்டை மேல உக்காந்து வாலை ஆட்டுறியா சாமி? காத்து நின்ன பொறகு, விடியிற வரைக்கும்தான்" என்றாள் காத்தாயி.

"அழகுக்கு வச்சிருக்கிற வாலு ஆத்தா. ஆட்டுறதுக்கு இல்ல."

"கருப்பியச் சுத்திப் பறக்குற பூச்சி அத்தனையும் ஒனக்கு. இல்லேன்னா என் கன்னு செத்துரும்."

பூச்சியைப் பார்த்ததோ, கன்றைப் பார்த்ததோ, குருவி இறங்கிவந்தது. "ஒரே ஒரு விடியல்தான்" என்றது.

மறுநாள் காற்று அடங்கியதும் கட்டையில் ஏறி வாலை மேலும் கீழும் ஆட்டியது. தண்ணீர் விடாமல் தளும்பியது. காத்தாயி தொழுவத்துக்கும் தொட்டிக்கும் நடையாய் நடந்தாள். கிழக்கு வெளுக்கும் நேரத்தில் குருவிக்குக் கண் சொக்கியது. இவ்வளவு நேரம் ஆட்டியாயிற்றே, கொஞ்சம் நிறுத்தினால்தான் என்ன என்று நிறுத்தியது. பனிக்கு அது போதும். நனைந்த வால் நுனியைக் கட்டையோடு சேர்த்து இறுக்கிவிட்டது.

"ஆத்தா, பிடிச்சிருச்சு, என்னைப் பிடிச்சிருச்சு."

"ஆட்டு சாமி, நிறுத்தாத, ஆட்டு" என்று காத்தாயி ஓடிவந்தாள்.

குருவி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாலை இழுத்து இழுத்து அடித்தது. இரண்டு இறகு கட்டையிலேயே தங்கிவிட, வால் விடுபட்டது. அப்போதுதான் படர ஆரம்பித்திருந்த பனியேடு நொறுங்கியது. கருப்பி வந்து வாயை வைத்து, பாதித் தொட்டி காலியாகும்வரை தலையைத் தூக்கவில்லை. பொழுது ஏறியதும் கன்று மடியை முட்டியது. அதன் வாயோரம் நுரை வழிந்தது. அதைப் பார்த்த காத்தாயி, எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்த காத்தாயி, தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"போதும் சாமி, நிறுத்து. கன்னு பொழச்சிருச்சு."

"நிறுத்துனா பிடிச்சிரும் ஆத்தா" என்றது குருவி, ஆட்டிக்கொண்டே.

மேல்மலைக்காரர்கள் மார்கழியில் தொட்டிக்குள் கட்டை போடுவது அன்று தொடங்கியதுதான். அன்று முதல்தான் அந்தக் குருவியும், பனி என்றால் என்னவென்றே தெரியாத கீழ்நாட்டு வயல்களில்கூட, தண்ணீரைக் கண்டால் வாலை ஆட்டியபடி நிற்கிறது. நாம் சிரித்துக்கொண்டே வாலாட்டி என்று பேர் வைத்துவிட்டோம். அதற்கு அந்த விடியல் இன்னும் முடியவில்லை.