மேரியின் குரலுக்கு ஓர் உரிமம்

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு அறுபத்து நான்கு. தபால் ஆபீஸில் ஓய்வு பெற்ற பிறகு ஃபௌசியா டீச்சரிடம் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வந்தவர் ஞானப்பிரகாசம். வகுப்பில் அதிகம் திட்டு வாங்குபவரும் அவர்தான்.

திட்டு வாங்கினாலும் ஒன்றை எழுதி முடித்துவிட்டார். பார்வையில்லாதவர்களுக்குப் போனில் வருவதை வாசித்துக் காட்டும் நிரல் அது. வாசிக்கும் குரல் அவர் மனைவி மேரியுடையது. சத்தம் விழக் கூடாதென்று மின்விசிறியை அணைத்துவிட்டு, வேர்க்க வேர்க்க உட்கார்ந்து, ஒரு கோடை முழுக்கப் பேசிப் பதிவு செய்து கொடுத்தாள். அடுத்த கோடைக்கு அவள் இல்லை.

நிரலை இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தார்; அதை யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமத்தை இன்னும் எழுதவில்லை. வத்தலக்குண்டில் ஒரு செல்போன் கடையில் அதைக் காசுக்கு விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மனிதர் கொதித்துப்போனார்.

“உரிமத்துல ‘யாரும் விற்கக் கூடாது’ன்னு எழுதப்போறேன் டீச்சர். அவ குரலை எவனோ விற்கிறதா?”

“நாளைக்கு வத்தலக்குண்டு போயிட்டு வந்து எழுதலாம், சார்.”

கடை என்றால் பெட்டிக்கடை அளவுதான். கடைக்காரி பாண்டீஸ்வரி, பார்வையில்லாத ஓர் ஊதுபத்தி வியாபாரியின் விரலைப் பிடித்துப் போனில் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அவர் தப்பான இடத்திலேயே தொட்டார். அவள் அலுத்துக்கொள்ளாமல் முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு மணி நேரம் போயிற்று. சண்டைக்கென்று ஞானப்பிரகாசம் தயார் செய்து வந்த வசனம் ஒன்றும் வெளியே வரவில்லை. நிரலை எழுதியவர் இவர்தான் என்று டீச்சர்தான் சொன்னார்.

“கோவிச்சுக்காதீங்க சார். ஒவ்வொருத்தருக்கும் இப்படி உட்கார்ந்து பழக்கிவிடணும். அதுக்குத்தான் காசே வாங்குறேன்” என்றாள் பாண்டீஸ்வரி.

அப்போது வியாபாரியின் மகள் அனுப்பிய செய்தி வந்தது; போன் அதை வாசித்தது. மேரி.

“அப்பா, நான் பாஸாயிட்டேன்.”

“இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லும்மா” என்றார் ஊதுபத்திக்காரர்.

ஞானப்பிரகாசம் வெளியே போய் நின்றுகொண்டார். டீச்சர் கடைக்காரியிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“கூடவே மூலநிரல்னு, சார் எழுதின வரிகள் இருக்கிற ஒரு ஃபோல்டர் வருமே, அதையும் ஏத்திக் கொடுக்கிறீங்களா?”

“அது யாருக்குப் புரியும்க்கா? இடத்தை அடைக்குதுன்னு அழிச்சிடுவேன்.”

“அதை மட்டும் அழிக்காதீங்க. வாங்கினவங்கள்ல யாராவது ஒருத்தர் அதைத் திறந்து பார்த்துத் திருத்துவாங்க.”

வெளியே நின்றவர் காதிலும் அது விழுந்தது.

பஸ் ஸ்டாண்டில் ஞானப்பிரகாசம் முந்தின இரவே எழுதி வைத்திருந்த உரிமத் தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். ‘விற்கக் கூடாது’ என்பதை அடித்தார். ‘விற்கலாம். வாங்குபவருக்கு மூலநிரலையும் இதே உரிமையையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்’ என்று எழுதினார். எழுதி முடித்தும் பேனாவை மூடவில்லை.

“எல்லாரும் எடுத்துக்கிட்டா, எனக்குன்னு அவளோடது என்ன டீச்சர் மிச்சம்?”

ஃபௌசியா அவர் பக்கம் திரும்பினார்.

“மேரியம்மா உங்களை வீட்டுல எப்படிக் கூப்பிடுவாங்க, சார்?”

“‘ஏங்க’ன்னு. ஒரு நாள் அதை எழுதி, வாசிக்க விட்டுப் பார்த்தேன்.” அவர் தரையைப் பார்த்தார். “அவ கூப்பிடுற மாதிரி வரலை.”

“அவங்க கூப்பிட்டதை யாராலும் எடுத்துக்க முடியாது. அதுக்கு உரிமம் எழுத வேண்டாம், சார்.”